அண்ணைக்கு ஒரு குறையுமில்லை

பிராங்பேர்ட் விமான நிலையம் போகும் எஸ்-பான் ரயிலில் எனக்கு முன்னால் இரண்டு யாழ்ப்பாணத்தவர்கள் இருந்தார்கள். மூத்தவர் ஊன்றுகோலைப் பக்கத்தில் சாய்த்திருந்தார்.

"எனக்கு ஏலாது எண்டு காட்டக்கூட எனக்கு ஏலாமப் போச்சு," என்றார்.

"தம்பியைக் கூப்பிடப் போட்ட அன்ராக் விண்ணப்பமோ, அண்ணை?"

"ஓம், விசாக் கந்தோரிலை மறுத்திட்டினம். வளந்த சகோதரத்தைக் கூப்பிட ஏலாதாம். பாக்க ஆளில்லாத வருத்தக்காரன் எண்டால் மட்டும் யோசிப்பினமாம். இடுப்பு நாரியிலை ஒப்பரேசன், தனி ஆள், குனிஞ்சு சப்பாத்துப் போட ஏலாது எண்டு எல்லாம் எழுதிக் குடுத்தன்."

"பிறகென்ன?"

"தம்பியிட்டையும் ஒரு கடிதம் கேட்டன். வெளியிலை இறங்கினால் பொலிஸ்காரர் பிடிப்பாங்கள் எண்டு கொழும்பு லொட்ஜுக்குள்ளை கிடக்கிறவன், நாலு பக்கம் எழுதினான். 'என்ரை அண்ணை அங்கை பெரிய மனேச்சர். நல்ல சுகதேகி. ஒரு குறையுமில்லை' எண்டு."

"நீங்கள் வாசிக்கேல்லையோ?"

"வாசிச்சன். சந்தோசமாக் கிடந்தது. நானே ஜெர்மன் பாசைக்கு மாத்துவிச்சுக் கந்தோரிலை குடுத்தன்."

"ஆர் அவனுக்கு இதெல்லாம் சொன்னது?"

"வேறை ஆர்? பதினைஞ்சு வருசமா ரெலிபோனிலை நான்தான். நாரி போனதே சாப்பாட்டுக்கடையிலை கோப்பை கழுவி எண்டு அவனுக்கு எங்கை தெரியும்?"

"மறுத்ததைச் சொல்லியாச்சோ?"

"இன்னும் இல்லை."

வண்டி திரும்பியபோது ஊன்றுகோல் விழுந்தது. இளையவர் குனிந்து எடுத்துக் கொடுத்தார். அந்நேரம் மூத்தவரின் கைத்தொலைபேசி அடித்தது. பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"ஓம் தம்பி, நல்ல சுகம். மீற்றிங் ஒண்டிலை நிக்கிறன். நீ யோசியாதை, விசாக் கந்தோர்ப் பெரியவரோடை நான் நேரை கதைக்கிறன்."