காருக்குப் பின்னால் தோண்டும் சத்தம்

சாயங்காலம் ஆறு மணிதான். ஆனால் அந்த ஊரில் குளிர்காலத்து ஆறு மணி என்றால் நமக்கு நடுராத்திரி. மலையைச் சுற்றிப் போகிற ரோடு... முன்னால் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. பனி கொட்டிக்கொண்டே இருக்கிறது. அதற்குள் ஒரே ஒரு கார்.

நெருங்கி உட்காருங்கள். கடை ஷட்டரை இன்னும் கொஞ்சம் இறக்கிவிடப்பா. சிரிக்க நினைக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். பிறகு வராது.

காரை ஓட்டியவர் என் கூட்டாளியின் மைத்துனர். ஏசிக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். வெயில் மண்டையைப் பிளக்கிற நம் பக்கத்தில் காற்றுக்கு விலை சொல்லி விற்ற மனிதர். கம்பெனிக்கு என்ன குசும்போ, பதவி உயர்வு என்று ஆசை காட்டி, நாட்டின் அந்தக் கோடியில் இருக்கும் பனி ஊருக்கு ஹீட்டர் விற்க அனுப்பிவிட்டது. மனைவி, நான்கு வயது மகள், பழைய கார், நான்கு மூட்டைப் பாத்திரம் என்று போய் இறங்கினார்.

போன வாரமே டயர் கடைக்காரர் சொன்னார். "சார், இந்த டயர் பனிக்கு ஆகாது. மாத்திடுங்க. இன்னொண்ணு, வண்டி எங்கயாவது மாட்டிக்கிச்சுன்னா..."

"போதும்ப்பா. எனக்கேவா?" என்று இவர் சிரித்துக்கொண்டே கிளம்பிவிட்டார். வியாபாரி இல்லையா? எதிரில் நிற்கிறவன் வாயைத் திறந்தாலே நம் காதில் அது விற்பனைப் பேச்சாகத்தான் விழும். அந்த ஆள் சொல்ல வந்தது அப்படியே நின்றுபோனது.

அன்று மத்தியானத்திலிருந்து குழந்தைக்குக் காய்ச்சல். உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. மூச்சு விசில் மாதிரி இழுக்கிறது. ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்று கையை விரித்துவிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம். குழந்தைக்கு ஸ்வெட்டர், தொப்பி, கையுறை எல்லாம் மாட்டி, அம்மா மடியில் பின்சீட்டில் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

ஒரு வளைவு. வண்டி லேசாக வழுக்கியது. நம் ஊர்க் கால் என்ன செய்யும்? பிரேக்கை ஓங்கி மிதித்தது. அவ்வளவுதான்... கார் பம்பரமாய்ச் சுற்றி, பின்பக்கமாகப் போய்ப் பள்ளத்துப் பனிக்குள் சொருகிக்கொண்டது. பின்கதவு இரண்டும் பனிக்குள் புதைந்துவிட்டன. போனில் சிக்னல் இல்லை. முன்கதவைத் தள்ளி இறங்கிப் பார்த்தார். இடுப்பு வரை உள்ளே போனார். பல் கிட்டிக்கொள்ள, திரும்பவும் உள்ளேயே ஏறினார்.

"எஞ்சினை ஆஃப் பண்ணிடாதீங்க. பாப்பா விறைச்சிடுவா" என்றாள் மனைவி.

எஞ்சின் ஓடியது. ஹீட்டர் ஓடியது. கண்ணாடியை இறுக்க மூடிக்கொண்டார்கள். வெளியே ஓசையே இல்லை. உள்ளே அந்த விசில் மூச்சு மட்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் அடுத்த இழுப்பு வருமா என்று இவர் காத்திருந்தார். கடவுளிடம் பேரம் பேசினாராம். அவளை விட்டுடு, என்னை எடுத்துக்கோ... வாழ்க்கையிலேயே முதல் தடவையாக முழு விலையில் ஆரம்பித்த பேரம்.

கொஞ்ச நேரத்தில் தலை கனத்தது. கண் செருகியது. குளிர் அசதி என்று நினைத்தார்.

அப்போதுதான் கேட்டது.

சர்... சர்... சர்...

காருக்குப் பின்னால். தாழ்வாக, பம்பருக்கும் கீழே. யாரோ நகத்தால் சுரண்டுகிற மாதிரி. நிற்கும். மறுபடி... சர்... சர்...

"ஏங்க, கேக்குதா?"

"நாயா இருக்கும்."

"நாய்க்கு எதுக்குங்க விசும்பல்?"

உண்மைதான். சுரண்டலுக்கு நடுவே ஒரு விசும்பல் இருந்தது.

ஏம்ப்பா, என்ன முணுமுணுக்கிறாய்? இறங்கிப் பார்க்க வேண்டியதுதானே என்றா? சரி, இப்போது நீ போய்ப் பின்னால் இருக்கிற கோடவுனில் லைட்டைப் போட்டுவிட்டு வா, பார்ப்போம்... போக மாட்டாயில்லையா? அவரும் போகவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டார்.

சுரண்டல் விடவில்லை. அமுங்கிப்போய் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின், தொண்டையைச் செருமிக்கொண்டதுபோல் திடீரென்று தெளிவாக உறுமியது. தலைக் கனமும் மெல்ல இறங்கியது. மறுபடி பனி மூடும். மறுபடி சர்... சர்...

நடுவில் மனைவி கிசுகிசுத்தாள். "காய்ச்சல் விட்டுடுச்சுங்க. உடம்பு சில்லுனு ஆயிடுச்சு. மூச்சுச் சத்தம்கூட நின்னுடுச்சு, நல்லா தூங்குறா." இவருக்கு அழுகையே வந்துவிட்டது. பின்னால் திரும்பிப் பார்த்தார். இருட்டு. மடியில் ஒரு சின்ன உருவம் சுருண்டு கிடந்தது. நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

வெளுக்கும்போது பனி அள்ளும் வண்டி வந்தது. அதன் டிரைவர் மண்வாரியோடு காரைச் சுற்றி வந்தார்.

"கெட்டிக்கார ஆள் சார் நீங்க. சைலன்சர் குழாயைச் சுத்தித் தோண்டி வச்சிருக்கீங்க. அது பனியில அடைச்சுக்கிச்சுன்னா புகை பூராவும் உள்ளதான் வரும். தூக்கத்துலயே முடிஞ்சிடும். போன வருஷம் இதே வளைவுல, சின்னப் பொண்ணோட ஒரு குடும்பமே..."

"நான் தோண்டலியே."

டிரைவர் பின்கதவை அடைத்திருந்த பனியை மண்வாரியால் வாரித் தள்ளினார். கதவைத் திறந்து குழந்தையைத் தூக்கி இவர் கையில் கொடுத்தார். குழந்தை அம்மா மடியில் இல்லை. பக்கத்தில், சீட்டு ஓரத்தில் ஒடுங்கிக்கிடந்தாள். உடம்பு கொதித்தது. விசில் மூச்சு. மனைவி தானாக இறங்கி நடந்தாள், இரண்டு கையையும் வயிற்றோடு கோத்துக்கொண்டு. குளிர் போல என்று நினைத்து யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றி, ஆவி பிடிக்க வைத்து, பிழைத்துவிட்டாள் என்றார் டாக்டர். அதற்குப் பிறகு குழந்தையின் கையுறையைக் கழற்றியவர் நிமிர்ந்து பார்த்தார்.

"காய்ச்சல் பிள்ளையை வெறுங்கையால பனியில விளையாட விட்டீங்களா?"

விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. நகக்கண்ணில் கறுப்புக் கரி. முகர்ந்தால் பெட்ரோல் புகை.

"பாப்பா... நீ எப்படி வெளியில போனே?"

"அந்தப் பாப்பா கூப்பிட்டா. குழாய் அடைச்சிருக்கு, நீ போய்த் தோண்டு, அதுவரைக்கும் நான் உங்க அம்மா மடியில உக்காந்துக்கறேன்னா. அவளுக்கு ரொம்பக் குளிருதாம்."

"அப்புறம்?"

"தோண்டிட்டு வந்து, எழுந்திரு, என் இடம்னு சொன்னேன்." குழந்தை உதட்டைப் பிதுக்கினாள். "கேக்கவே இல்லப்பா."

ஏசிக்காரர் மெதுவாகத் திரும்பினார். மனைவி சுவரோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடி காலியாகத்தான் இருந்தது. மகள் பிழைத்த சேதி கேட்டும் அவள் ஓடி வரவில்லை. முகம் வெளிறி, உதடு நீலம் பாரித்திருந்தது.

"ஏன் அங்கேயே உக்காந்திருக்கே? வா, பாப்பாவைப் பாரு."

"எழுந்திருக்க முடியலீங்க" என்றாள். "மடி கனக்குது."