ஸ்பூன் விழுந்தால்

அங்கே இருந்தவர்கள்:

நர்ஸ். எலும்பு முறிவு வார்டில் வேலை. சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.
கிரேன்காரன். அவள் கணவன். கிரேன் கொக்கிக்குச் சுமை கட்டிவிடுவது தொழில். தரையில் முட்டி போட்டிருந்தான்.
அக்கா. அவனோடு கூடப் பிறந்தவள். பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை, மேல்வீட்டுக்காரி. பிற்பாடு வந்தாள்.
அக்காவின் கணவரும் இருந்தார். ஆனால் மேலே.

நர்ஸ்: ரெண்டு விரல்.

கிரேன்காரன்: போகுதும்மா...

நர்ஸ்: சுண்டு விரலை விட்டு ஏமாத்தாதே. ஆள்காட்டி விரல், நடுவிரல். ரெண்டும் கயித்துக்கும் காலுக்கும் நடுவுல போகணும்.

கிரேன்காரன்: இந்தா. போகுது. போயிட்டுத் திரும்பியும் வருது. டிக்கெட் எடுக்கணுமா?

நர்ஸ்: வாயை மூடிட்டுக் கட்டு.

கிரேன்காரன்: கட்டிக்கிட்டுத்தானே இருக்கேன். எவ்வளவு அழகா இருக்கு பாரு! ரெண்டு காலையும் சேர்த்து, கணுக்கால்லேருந்து ஏணிப்படி மாதிரி ஏறுது. இந்தக் கட்டு விளையாட்டைக் கண்டுபிடிச்ச ஜப்பான்காரன் பார்த்தா கண்ணுல ஒத்திக்குவான்.

நர்ஸ்: எவனும் பார்க்க வேண்டாம். மூணாவது படியில முறுக்கிக்கிச்சு பாரு. கயிறு பட்டையாப் படுக்கணும். ஒண்ணு மேல ஒண்ணு ஏறினா தோலைக் கடிக்கும்.

கிரேன்காரன்: சரி, சரி... பிரிச்சுப் போடுறேன்.

நர்ஸ்: முட்டிக்குக் கீழ, வெளிப்பக்கம் தொடு. ஒரு முண்டு இருக்கா?

கிரேன்காரன்: இருக்கு.

நர்ஸ்: அங்க நரம்பு தோலுக்கு அடியிலேயே ஓடுது. அதை நசுக்கினா பாதத்தை மேல தூக்க வராது. மாவுக்கட்டை இறுக்கிப் போட்டுட்டு, பாதம் தொங்கிப்போய் வந்தவங்களை வார்டுல பார்த்திருக்கேன். அங்க கயிறே வரக்கூடாது.

கிரேன்காரன்: வராது. நாலு விரக்கடை தள்ளியே நிறுத்திக்கிறேன். போதுமா நர்ஸம்மா?

நர்ஸ்: விதி சொல்லு.

கிரேன்காரன்: இப்பவா?

நர்ஸ்: இப்பத்தான். நான் கட்டுல இருக்கேன், நீ வெளியில இருக்க. சொல்லு.

கிரேன்காரன்: ஒண்ணு, கத்தரிக்கோல் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கணும். ரெண்டு, கட்டுல இருக்கிற ஆளைத் தனியா விட்டுட்டு எங்கேயும் போகக்கூடாது. மூணு, உன் கையில இருக்கிற ஸ்பூன் கீழ விழுந்தா உடனே அவிழ்க்கணும். கேள்வி கேக்கக்கூடாது.

நர்ஸ்: ம்.

கிரேன்காரன்: வாயால சொன்னா ஆகாதா? ஸ்பூன் எதுக்கு?

நர்ஸ்: வாய் பொய் சொல்லும். தினமும் பார்க்குறேன். வலிக்குதான்னு கேட்டா, 'அதெல்லாம் ஒண்ணுமில்ல'ன்னு சொல்லிக்கிட்டே கட்டில் கம்பியை நெரிப்பாங்க. கைக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது. பிடிக்க முடியலன்னா விட்டுடும்.

கிரேன்காரன்: சரி.

நர்ஸ்: சரின்னு சும்மா சொல்லாதே. ஸ்பூன் விழுந்து நீ ஒரு தடவை யோசிச்சாலும் அதோட முடிஞ்சுது. இந்தக் கயிறு அப்புறம் துணி காயப்போடத்தான்.

கிரேன்காரன்: நான் ஏன் யோசிக்கப் போறேன்?

நர்ஸ்: நீ யோசிக்கிற ஆளு. உங்க அக்கா எதிர்ல இருந்தா மூச்சு விடுறதுக்கே கை தூக்கி அனுமதி கேப்ப.

கிரேன்காரன்: அக்காவை ஏன் இப்ப இழுக்குற? கயிறு மெத்துன்னு ஆக வேகவச்சு மொட்டைமாடில காயப்போட்டேன்ல... போன வாரம் அதைப் பார்த்துட்டா.

நர்ஸ்: ஐயோ! என்ன கேட்டாங்க?

கிரேன்காரன்: ஒண்ணுமே கேக்கல.

நர்ஸ்: உங்க அக்காவா? கேள்வி கேக்காமலா?

கிரேன்காரன்: கயித்தைத் தொட்டுப் பார்த்தா. 'இன்னும் ஈரமா இருக்கு'ன்னா. போயிட்டா. எனக்கு அதுதான் பயமா இருக்கு.

நர்ஸ்: ...மேல என்ன சத்தம்?

கிரேன்காரன்: கைமணி. ஸ்கூல்ல பழசுன்னு ஒதுக்கினதைத் தூக்கிட்டு வந்திருக்கா. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆனா கீழ விழும்.

நர்ஸ்: ஞாயித்துக்கிழமை யாருக்குப் பீரியட் நடத்துறாங்க?

கிரேன்காரன்: அத்தானுக்கு. அவரு இன்னும் பாஸாகல.

நர்ஸ்: சிரிக்க வைக்காதே, கயிறு நகருது... ஆமா, கடைசியில என்ன முடிச்சு போட்ட?

கிரேன்காரன்: முடிச்சா? அது...

நர்ஸ்: என்ன 'அது'?

கிரேன்காரன்: காலிங் பெல்.

நர்ஸ்: பேச்சை மாத்தாதே.

கிரேன்காரன்: நிஜமாவே காலிங் பெல்லு!

அக்கா: டேய்! இருக்கீங்களா?

நர்ஸ்: அண்ணி! அவிழ்த்துடு, சீக்கிரம் அவிழ்த்துடு.

கிரேன்காரன்: ஆடாதே... இழுக்காதே... நீ இழுக்க இழுக்க அது...

நர்ஸ்: அது?

கிரேன்காரன்: இறுகும்.

நர்ஸ்: என்ன முடிச்சுடா போட்ட?

கிரேன்காரன்: கை பழக்கம். ரெண்டு டன் கம்பிக்கு இதைத்தான் போடுவோம்.

நர்ஸ்: நான் ரெண்டு டன்னா?

கிரேன்காரன்: நான் போய் வாசல்லயே பேசி அனுப்பிடுறேன்.

நர்ஸ்: ரெண்டாவது விதி! என்னை விட்டுட்டு நகராதே. இப்படியே இருப்போம். வீட்ல யாரும் இல்லன்னு போயிடுவாங்க.

கிரேன்காரன்: அவகிட்ட நம்ம வீட்டுச் சாவி ஒண்ணு இருக்கு.

நர்ஸ்: ...போர்வை. போர்வையை எடு!

அக்கா: இங்கதான் இருக்கீங்களா? பெல்லு காதுல விழலையா?

கிரேன்காரன்: இப்பத்தான்... எழுந்திரிக்கலாம்னு...

அக்கா: எதுக்குடா தரையில முட்டி போட்டிருக்க? நான் எதுவும் சொல்லலையே.

கிரேன்காரன்: இல்லக்கா. அவளுக்குக் கால் சுளுக்கிடுச்சு. நீவி விட்டேன்.

அக்கா: எந்தக் காலு?

கிரேன்காரன்: இடது.

நர்ஸ்: வலது.

அக்கா: ரெண்டுல எது?

நர்ஸ்: ரெண்டும்தான் அண்ணி. முதல்ல ஒண்ணு சுளுக்கிச்சு. அதைப் பார்க்கக் குனிஞ்சேனா, இன்னொண்ணும்...

அக்கா: சரி, இருக்கட்டும். உன்கிட்ட ஆஸ்பத்திரி கத்தரிக்கோல் ஒண்ணு இருக்குமே. முனை மழுங்கலா, வளைஞ்சு... கட்டு வெட்டுறது. அதைக் கொஞ்சம் கொடு.

நர்ஸ்: கத்தரிக்கோலா?

அக்கா: கத்தரிக்கோல்தான். அஞ்சு நிமிஷத்துல திருப்பித் தரேன்.

கிரேன்காரன்: எதுக்குக்கா?

அக்கா: ஒரு பார்சல் பிரிக்கணும்.

கிரேன்காரன்: சமையல்கட்டுல கத்தி இருக்கு. எடுத்துக்கோ.

அக்கா: கத்தி வேண்டாம். உள்ள இருக்கிறது கிழிஞ்சிடும்.

நர்ஸ்: உங்ககிட்டயே ஒண்ணு இருந்துச்சே அண்ணி? என்கிட்ட கேட்டு வாங்கினீங்களே, போன வருஷம்?

அக்கா: சோபா இடுக்குல விழுந்துடுச்சு. கை போகல. எங்க வச்சிருக்க? இந்த டிராயரா?

கிரேன்காரன்: அது இங்க இல்லக்கா. ஆஸ்பத்திரியிலயே வச்சிட்டு வந்துட்டா.

அக்கா: பொய் சொல்றப்ப காதைத் தடவுவ. ஒண்ணாம் கிளாஸ்லேருந்து அதே காது. கையை எடு.

கிரேன்காரன்: எடுத்துட்டேன்.

நர்ஸ்: அண்ணி, மேல மறுபடியும் மணி விழுந்துச்சே...

அக்கா: பூனை.

நர்ஸ்: பூனை வளர்க்குறீங்களா?

அக்கா: இன்னிக்குத்தான் வந்துச்சு. பேச்சை விடு, கத்தரிக்கோல் எங்க?

நர்ஸ்: உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது? மூச்சு வாங்குதே?

அக்கா: படி இறங்கி வந்தேன்ல. உனக்கு ஏன் வேர்க்குது?

நர்ஸ்: போர்வை.

அக்கா: அப்ப எடுத்துடேன்.

கிரேன்காரன்: வேண்டாம்!

நர்ஸ்: வேண்டாம் அண்ணி, குளிருது.

அக்கா: வேர்க்குது, குளிருது, ரெண்டு காலும் சுளுக்கு. கையில எதுக்கு ஸ்பூன்?

நர்ஸ்: மருந்து... குடிக்க.

அக்கா: மருந்து எங்க?

நர்ஸ்: குடிச்சாச்சு.

கிரேன்காரன்: அக்கா, நீ மேல போ. நான் தேடி எடுத்துட்டு வரேன். ஒரு பத்து நிமிஷம்...

அக்கா: பத்து நிமிஷமெல்லாம் ஆகாதுடா! இப்பவே வேணும்... அட, ஸ்பூன் விழுந்துடுச்சு பாரு. இந்தா, பிடிச்சுக்கோம்மா.

நர்ஸ்: ...தேங்க்ஸ் அண்ணி.

கிரேன்காரன்: கை வழுக்கிடுச்சா?

நர்ஸ்: கேள்வி கேக்குற.

கிரேன்காரன்: இல்ல... அக்கா போனதும்...

நர்ஸ்: இடது காலு மரத்துக்கிட்டு வருது.

அக்கா: சுளுக்குன்னா அப்படித்தான் இருக்கும். அந்த அலமாரியில இருக்கா? டேய், என்னடா மரம் மாதிரி நிக்குற?

நர்ஸ்: ரெண்டாவது தடவை விழுந்தாச்சு.

அக்கா: மறுபடியுமா? எங்க உருண்டுச்சு, இரு எடுத்துத் தரேன்...

கிரேன்காரன்: தொடாதே அக்கா.

அக்கா: என்னது?

கிரேன்காரன்: ஸ்பூனைத் தொடாதே. அந்தப் பக்கம் திரும்பு.

அக்கா: யார்கிட்டடா பேசுற?

கிரேன்காரன்: உன்கிட்டத்தான்! சுவத்தைப் பார்த்துத் திரும்பி நில்லுன்னு சொன்னேன்ல!

நர்ஸ்: திரும்பிட்டாங்க.

கிரேன்காரன்: கத்தரிக்கோல்?

நர்ஸ்: என் இடுப்புக்குப் பக்கத்துல. போர்வையைத் தள்ளு. முடிச்சோட மல்லுக்கட்டாதே, வெட்டு.

கிரேன்காரன்: ரெண்டு வாரம் வேகவச்சு, காயவச்சு, எண்ணெய் தடவி...

நர்ஸ்: வெட்டுறியா, இல்ல கயித்துக்கு அழப்போறியா?

கிரேன்காரன்: வெட்டிட்டேன். பாரு, ஒண்ணு... ரெண்டு... அவ்வளவுதான். உருவிட்டேன்.

நர்ஸ்: ஹா...

கிரேன்காரன்: பாதத்தைத் தூக்கு. மேல. கட்டை விரலை மூஞ்சிக்கு நேரா கொண்டு வா.

நர்ஸ்: வருது.

கிரேன்காரன்: இன்னொரு காலு?

நர்ஸ்: அதுவும் வருது. எறும்பு ஊறுற மாதிரி இருக்கு, அவ்வளவுதான். சூடா இருக்கா, தொட்டுப் பாரு.

கிரேன்காரன்: சூடா இருக்கு. நிறமும் வந்துடுச்சு. மன்னிச்சுக்கோ. முதல் தடவை விழுந்தப்பவே நான்...

நர்ஸ்: யோசிச்ச.

கிரேன்காரன்: யோசிச்சேன்.

நர்ஸ்: ஒரு மாசம் உன் கால்ல நான் கட்டுறேன். ஸ்பூனை நீ பிடி. அப்புறம் பார்க்கலாம்.

கிரேன்காரன்: அப்ப துணி காயப்போடக் கொடுக்கலையா?

நர்ஸ்: அக்காவைச் சுவத்தைப் பார்த்து நிக்க வச்சிருக்க. அதுக்காகத்தான் ஒரு மாசத்தோட விட்டேன்.

அக்கா: நான் திரும்பலாமா?

கிரேன்காரன்: அக்கா... நான் கத்தினது...

அக்கா: திரும்பலாமான்னு கேட்டேன்.

நர்ஸ்: திரும்புங்க அண்ணி. இது வந்து... நாங்க...

அக்கா: வெட்டி முடிச்சாச்சா?

கிரேன்காரன்: ஆச்சு.

அக்கா: அப்ப இப்பவாவது அந்தக் கத்தரிக்கோலைக் கொடுங்க!

கிரேன்காரன்: கோவம் இல்லையாக்கா?

அக்கா: கோவப்பட எங்கடா நேரம்? கொடு. தரையில கிடக்குற அந்தத் துண்டுகளைப் பொறுக்கி வை. பெரிய துண்டு ரெண்டு கைக்கட்டுக்கு... மேஜைக் காலு ஆடினா கட்டுறதுக்கு ஆகும்.

நர்ஸ்: அண்ணி, மேல இப்ப மணியை உதைச்சு உருட்டுற சத்தம்...

அக்கா: கேட்டுச்சு, கேட்டுச்சு! நான் கிளம்புறேன். இந்தா, உங்க வீட்டுச் சாவி. இனிமே இது என்கிட்ட இருக்க வேண்டாம். நான் வெளியில போனதும் கதவைச் சாத்திப் பூட்டு.

கிரேன்காரன்: நானும் வரேன்க்கா. பார்சல் கனமா இருந்தா தூக்கிப் பிடிக்க ஆள் வேணும்ல?

அக்கா: படியில காலை வச்சே, தொலைஞ்சே! பூட்டு!

கிரேன்காரன்: சரி, சரி... பூட்டிட்டேன். ரெண்டு சுத்து.

நர்ஸ்: கதவு வழியா கேளேன். எனக்கு மண்டையே வெடிச்சிடும் போல இருக்கு.

கிரேன்காரன்: அக்கா! ஓடாதே! அந்தப் பார்சல்ல அப்படி என்னதான் இருக்கு?

அக்கா: உன் அத்தான்டா! உங்களுக்கு ஸ்பூன், எங்களுக்கு மணி!