ஏழு மாசமா வீட்டுக்குத் தூரம்

நீதான்பா அவள சாவடிச்சிக்கினு இருக்கற. மொதல்ல தறிய நிறுத்து. அக்கா பேசும்போது என்னா டொக்கு டொக்குன்னு.

நோவுதான் சாவடிக்குதா? நோவு கர்ப்பப்பையில இருக்குது தம்பி. பின்னால கொட்டாய்ல ஒம்பொண்டாட்டி தேவகி தனியா குந்திக்கினு இருக்கறது யாரு வேல? ரத்தம் படுது, வீட்டுக்குத் தூரம், பட்டுத் தறி கிட்ட வரக்கூடாதுன்ன. சரி, மூணு நாளு. ஏழு மாசமா நிக்கலியே, இது என்னாடா தூரம்னு ஒரு நாள் கேட்டியா? பாவுல ஒரு இழ அறுந்தா பதறிப் போற ஆளு நீ.

தண்ணி குடுக்கறவ கூட எட்டி நின்னு ஊத்தறா. வாட அடிக்குதாம். தெருவுல ஒருத்தி, கெட்ட நடத்தைக்கு வர்ற சீக்குன்றா. அவள ஒரு புடி புடிச்சிட்டுதான் வர்றேன். ஆனா தேவகி காதுல விழுந்துடுச்சே. தல வார மாட்டேன்றா. சோறு வெச்சா, காக்காய்க்குப் போடுங்கண்ணின்றா.

டாக்டரம்மா கிட்ட இழுத்துக்கினு போனதும் நான்தான். புத்துநோவு, யாருக்கும் ஒட்டாது, ஒடனே கொண்டாந்து சேத்துடு, கட்டி சுருங்க கரண்டு வெச்சிப் பாக்கலாம்னாங்க. பொழைப்பாளான்னு கேட்டேன். பாக்கலாம்னாங்க. பொடவ விக்கும்போது எத்தன மொதலாளிய பேசியே மசிய வெச்சிருக்கேன். அந்தம்மா கிட்ட அதுக்கு மேல ஒரு வார்த்த வாங்க முடியல.

இப்ப இவ வரமாட்டேன்றா. கெஞ்சிட்டேன். செவுத்த பாத்துத் திரும்பிப் படுத்துக்கினா.

என்னா மொணகற? எம்பேச்ச அவ தட்டவே மாட்டாளேன்றியா?

தட்டலதான். தை மாசமே எங்கிட்ட வந்து சொன்னா. அண்ணி, இது மாசா மாசம் வர்றது இல்ல, வேற என்னமோன்னு. நான்தான் வாய மூடிக்கினு கொட்டாய்லயே கெடன்னேன். என் பொண்ணு பெரியநாயகிக்குப் பரிசம் போட்ட நேரம் அது. வெளிய தெரிஞ்சா சம்பந்தம் கலைஞ்சிடும்னு. அவளும் கெடந்தா. கல்யாணத்துக்கு வரவாணாம்னேன், வரல.

இனிமே எம்பேச்சு அவ கிட்ட எடுபடாது. அதான் ஒன்ன கேக்கறேன். தறிக் குழிய விட்டு மேல ஏறு. கொட்டாய்க்குள்ள போய் அவ பாய்லயே ஒக்காரு. மூக்க மூடாத. கைய புடிச்சி, தோட்டத்து வழியா இல்ல, வீட்டுக்குள்ளாற இந்தத் தறிய தாண்டி, தெரு பாக்க பஸ்ஸுக்கு கூட்டிக்கினு வா. எழுந்திரு தம்பி.