ஏரோகிராமின் முதல் வரி

அன்று காலை ஆவடி தபாலாபீஸில் நாலு பேர்தான் இருந்தோம்: தபால்தலை விற்கிற அம்மா, நான், எனக்கு முன்னால் ஒரு வெல்டர், ஏரோகிராம் என்கிற வெளிநாட்டுக் கடிதத் தாளில் எழுதிக்கொண்டிருந்த அவர் மனைவி. போன வருஷம் சண்டை வந்ததும் அரபு நாட்டிலிருந்து அவர் ஓடி வந்தவர் என்று பேச்சில் தெரிந்தது.

“அந்த நாட்டுத் தலைவர் நல்லாகீறாரான்னு கேக்காம லெட்டர் போட்டா, வாங்கறவனைப் புடிச்சிகினு போவாங்க” என்றார் அவர்.

இன்னும் கொஞ்சம் கிட்டே போய் நின்றேன்.

“அங்க உன்கூட வேல பாத்த ஹசன் அண்ணனுக்கே அந்த ஆளப் புடிக்காதேய்யா. கூட்டத்துல கை தட்ட மாட்டேன்னுதானே உள்ள போட்டாங்க?”

“உட்டுட்டாங்கன்னு கேள்வி. அவனுக்கு வர்ற லெட்டரெல்லாம் பிரிச்சிப் படிப்பாங்க. இன்னா இது, மேல சிலுவ போட்டுகீற? ரகசியக் குறின்னு நெனப்பாங்க. அடிச்சிடு.”

“சிலுவய அடிக்கச் சொல்றியா? நம்ம ஊட்ல எந்த லெட்டருக்கும் அதான் மொதல்ல. அடிச்சா மட்டும் சந்தேகம் வராதா?”

அவர் யோசித்தார். “வேற தாள்ல எழுது. மேல தலைவர். கீழ, புள்ளைங்க சௌக்கியமான்னு கேளு. அவ்ளோதான்.”

“கர்த்தர் இருக்கற எடத்துல அவரா?”

“ஹசன் உசுரோட இருக்கணும்னா அவருதான்.”

“அண்ணன் இருக்காரான்னு எப்டித் தெரியும்?”

“பதில் வரட்டும். அவன் கையெழுத்து எனக்குத் தெரியும்.”

“வேற கையெழுத்துல வந்தா?”

“இன்னொரு ஏரோகிராம் குடுங்கம்மா” என்று அவர் கம்பிக்குள் கை நீட்டினார்.