இடைவேளை 3.06

சாட்சி எண் 7. பெயரும் முகவரியும் சாட்சி கேட்டுக்கொண்டபடி தனித்தாளில் எழுதி, உறையிலிட்டு இணைக்கப்பட்டுள்ளன. பெண். வயது 33. தொழில்: திரைப்பட விநியோக நிறுவனத்தில் வரவேற்புக் குறிப்பாளர். எழுதப் படிக்கத் தெரிந்தவர். பதிவு தொடங்கிய நேரம் காலை 10.20.

நான் மேற்படி முகவரியில் கணவருடனும் ஒன்பது வயது மகளுடனும் வசித்து வருகிறேன். என் வேலை என்னவென்று அதிகாரி கேட்டதால் அதை முதலில் சொல்கிறேன். ஒரு படம் வெளியானால் நான் ஒரே தியேட்டருக்கு, ஒரே பகல் காட்சிக்கு, தினமும் போக வேண்டும். திரையைப் பார்க்கக் கூடாது. ஆட்களைப் பார்க்க வேண்டும். எந்த நிமிடத்தில் சிரிக்கிறார்கள், எந்த நிமிடத்தில் எழுந்து போகிறார்கள் என்று தாளில் குறிக்க வேண்டும். சிரிப்புக்கு ஒன்று முதல் ஐந்து வரை எண் உண்டு. ஐந்து என்றால் அடுத்த வசனம் காதில் விழாது. இதைத் தவிர, பன்னிரண்டு இருக்கைகளைத் தேர்ந்துகொண்டு, அவற்றில் இருப்பவர்களை மட்டும் தனியே கவனித்து எழுத வேண்டும். ஒரு நாளுக்கு ஒரு தாள். அடியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். நேரத்தைக் கைக்கடிகாரத்தில் பார்த்து எழுதுவேன். தினமும் காலையில் அதைச் செல்போனோடு ஒப்பிட்டுச் சரிசெய்துகொள்வேன்.

படத்தின் பெயர் 'தலையணையார்'. அதில் நகலெடுக்கும் கடை வைத்திருக்கும் ஒருவர் தலையணை உறையில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டு முகத்தில் மாட்டிக்கொண்டு, தோளில் குளியல் துண்டைக் கட்டிக்கொண்டு, வரிசையில் முந்துகிறவர்களையும் படிக்கட்டில் துப்புகிறவர்களையும் மரக்கரண்டியால் அடித்துத் திருத்துவார். ஒவ்வொரு அடிக்கும் 'டொய்ங்' என்று ஒரு சத்தம் வரும். நகைச்சுவைப் படம்.

முதல் நாளிலிருந்தே வரவேற்பு இரண்டாகப் பிரிந்தது. முன்வரிசைகளில் நான்கு, ஐந்து. பின்வரிசைகளில் ஒன்று. நடுவில் குடும்பங்கள். மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைக்கும்போது பக்கத்தில் கணவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். வெளியே வருகிறவர்களிடம் படம் எப்படி என்று கேட்பதும் என் வேலை. வேலை முடிந்து நேராக வந்திருந்த நர்ஸ் ஒருவர், தலையணையாரை ஒரு நாள் தங்கள் வார்டுக்கு அனுப்பி வைக்கச் சொன்னார். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "அடி வாங்குறவன் மூஞ்சிய ஒரு தடவையாவது காட்டினாங்களாம்மா?" என்று கேட்டார். நான் யோசித்துப் பார்த்தேன். காட்டவில்லை.

ஜி-11 நான் தேர்ந்துகொண்ட பன்னிரண்டு இருக்கைகளில் ஒன்று. அதில் முதல் நாள் உட்கார்ந்தவரே தினமும் வந்தார். ஐம்பது வயதிருக்கும். தேய்த்த சட்டை. மடியில் ஒரு துணிப்பை. அவர் சிரிக்கவில்லை. எழுந்தும் போகவில்லை. அவருக்கான வரியில் பதினெட்டு நாளும் கோடுதான் போட்டிருக்கிறேன். நாலாம் நாள் வாசலில் அவரிடம் கேட்டேன். "அடி சரியாத்தான் இருக்கு. அந்தச் சத்தம்தான் தப்பு" என்றார். 'கலவையான கருத்து' என்று எழுதிக்கொண்டேன்.

ஐந்தாம் நாளிலிருந்து தியேட்டர் மேனேஜர் இரண்டு ஏற்பாடுகள் செய்தார். ஒன்று, டிக்கெட்டோடு ஓட்டை போட்ட தலையணை உறை இலவசம். இரண்டு, இடைவேளை தொடங்கியதும் மேடையில் ஒரு சின்ன நாடகம். தியேட்டரில் இருக்கை காட்டும் டார்ச்காரர்தான் அதில் திருடன். முன்வரிசையில் ஒரு அம்மாவின் கைப்பையைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு ஓடுவார். தலையணையார் வேடத்தில் ஒருவர் பாய்ந்து வந்து ஸ்பாஞ்சில் செய்த கரண்டியால் எட்டு அடி அடிப்பார். ஆபரேட்டர் மேலே தன் அறையின் சின்ன ஜன்னல் வழியாகக் கையைப் பார்த்து, ஒவ்வொரு அடிக்கும் பொத்தானை அழுத்தி 'டொய்ங்' விடுவார். திருடன் "ஐயோ விட்டுடு சார், இனிமே திருட மாட்டேன்" என்று கத்திவிட்டு விழுந்து கிடப்பார். திரைச்சீலை மூடும். அதன் பிறகு எழுந்து, பின்கதவு வழியாகப் போய்த் தேநீர் குடிப்பார்.

தலையணையார் வேடம் போட்டவர் பலகுரல் கலைஞர். எல்லோரும் நோஞ்சான் என்றே கூப்பிடுவார்கள். அவர்தான் இப்போது காவலில் இருப்பவர். அவர் தியேட்டர் ஊழியர் அல்ல. இடைவேளைக்கு மட்டும் வருவார். எதிரே உள்ள தேநீர்க்கடையில் உட்கார்ந்திருந்துவிட்டு, பலகையில் எழுதியிருக்கும் இடைவேளை நேரமான 3.12க்கு இரண்டு நிமிடம் முன்னால் எழுந்து, பின்கதவு வழியாக வருவார்.

டார்ச்காரருக்கு நாற்பத்தாறு வயது. என்னைத் தங்கச்சி என்பார். இருட்டில் நான் எழுதத் தடுமாறினால், கடந்து போகும்போது என் தாளின் மேல் ஒரு நொடி வெளிச்சம் அடித்துவிட்டுப் போவார். நாடகம் தொடங்கிய பிறகு, "நல்லா மார்க் போடு தங்கச்சி, என் நடிப்பு உன் பேனாவுலதான் இருக்கு" என்று கிண்டல் செய்வார். அவருக்கும் நோஞ்சானுக்கும் பதினேழாம் நாள் வாய்த்தகராறு நடந்தது உண்மை. டார்ச்காரர் விழுவதற்கு முன் ஒரு தடவை திருப்பி அடித்துக் கைதட்டல் வாங்கிவிட்டார் என்று நோஞ்சானுக்கு வருத்தம். மறுநாள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தேநீர் குடித்ததையும் பார்த்தேன். அதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பதினாறாம் நாள் வாசலில் ஜி-11 என்னிடம் தானாகவே வந்து, அந்த டார்ச்காரர் என்ன திருடினார் என்று கேட்டார். அது நடிப்பு என்று சொன்னேன். அவர் துணிப்பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"தினமும் பிடிபடுறாரு. தினமும் இனிமே மாட்டேங்குறாரு. திருந்தலையேம்மா."

வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் இதை யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது அந்த நாளைப் பற்றிச் சொல்கிறேன். பத்தொன்பதாம் நாள்.

இடைவேளைக்கு முன் ஒரு பாடல் வரும். ஆறு நிமிடம். அதில் தினமும் நாற்பது பேராவது எழுந்து போனார்கள். 'பாடலை நீக்கலாம்' என்று என் தாள்களில் ஐந்து நாள் தொடர்ந்து எழுதினேன். மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, விநியோக நிறுவனத்திடம் அனுமதி கேட்காமலே, அன்று பாடலைத் தாண்டி ஓட்டும்படி ஆபரேட்டரிடம் சொன்னார். டார்ச்காரரிடமும் சொன்னார். நோஞ்சானிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வாசலில் பலகையை யாரும் மாற்றி எழுதவில்லை.

எனவே அன்று இடைவேளை 3.06க்கு வந்தது. மேடைக்குச் சிவப்பு விளக்கு போட்டார்கள். டார்ச்காரர் வழக்கம்போல் கைப்பையைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு ஓடினார். அதன் பிறகு அவர் பின்கதவுப் பக்கம் பார்த்தபடி சற்று நின்றார். அதன் பிறகு, பார்வையாளர்கள் பக்கத்திலிருந்து தலையணை உறையும் துண்டும் கட்டிய ஒருவர் படியேறி மேடைக்குப் போனார். நாடகத்தை மாற்றியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். நோஞ்சானுக்கு அந்தத் துண்டு முழங்காலைத் தொடும். இவருக்கு இடுப்போடு நின்றது. பார்த்தேன். குறிக்கவில்லை. அதற்கு என் தாளில் கட்டம் இல்லை.

அதன் பிறகு அடி. அதன் பிறகு 'டொய்ங்'. ஒவ்வொரு அடிக்கும் மிகச் சரியாக வந்தது. ஆபரேட்டர் பின்னால் என்னிடம் சொன்னது: "இன்னைக்கு நோஞ்சான் நல்ல மூட்ல இருக்கான் போலன்னு நினைச்சேன்மா." இருபத்திமூன்று தடவை அழுத்தியதாகச் சொன்னார். இப்போது அவர் எந்த வீட்டிலும் அழைப்புமணியை அழுத்துவதில்லை. கதவைத் தட்டுகிறார்.

அடி விழும் உண்மையான சத்தம் அதனால் கேட்கவில்லை. விளக்கு சிவப்பாக இருந்ததால் வேறெதுவும் தெரியவில்லை. டார்ச்காரர் விட்டுடு சார் என்று கத்தினார். அது வழக்கமான வசனம். அரங்கு முழுவதும் சிரித்தது. பின்வரிசைகளும் சிரித்தன. பத்தொன்பது நாளில் முன்னும் பின்னும் சேர்ந்து சிரித்தது அப்போதுதான். ஐந்து போட்டேன். அதன் பிறகு டார்ச்காரர் மேடை ஓரம் வரை தவழ்ந்து வந்து, நான் உட்காரும் பக்கம் பார்த்து ஒன்று சொன்னார்.

"தங்கச்சி, இது அவன் இல்ல."

மீண்டும் சிரிப்பு. முதலாவதைவிடப் பெரியது. நான் மீண்டும் ஐந்து போட்டேன். 'குறிப்பு' கட்டத்தில் எழுதினேன்: 'புதிய வசனம். நல்ல வரவேற்பு. தொடரலாம்.'

திரைச்சீலை 3.10க்கு மூடியது. உறை மாட்டியவர் படியிறங்கி நடைவழியாக வந்தார். இரண்டு பக்கமும் ஆட்கள் கையை நீட்டினார்கள். அவர் ஒவ்வொருவர் கையையும் தட்டிக்கொண்டே போனார். அன்று டிக்கெட் வாங்கியவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். பாதிப்பேர் உறையை மாட்டிக்கொண்டு ஒருவரையொருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள் அவர் போனார். அதன் பிறகு எந்த உறை அவருடையது என்று எனக்குத் தெரியாது.

3.12க்குத் திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு கத்தல் கேட்டது. அது நோஞ்சானின் குரல். அன்று அவர் எந்தக் குரலையும் போலச் செய்யவில்லை, அதனால் எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. அரங்கில் சிரித்தார்கள். மூன்று போட்டிருக்கிறேன். அவர் பின்கதவு வழியாக வழக்கமான நேரத்துக்கு வந்து, கீழே கிடந்தவரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தார் என்றும், நோஞ்சானின் சட்டையில் இருந்த ரத்தம் அப்படித்தான் பட்டது என்றும் நான் நம்புகிறேன். நோஞ்சான் 3.10க்குத்தான் எழுந்து போனார் என்று தேநீர்க்கடைக்காரர் சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். இடைவேளை 3.12 என்று எழுதினால் அந்தச் சாட்சியம் நோஞ்சானுக்கு உதவாது. இடைவேளை 3.12 அல்ல.

மேனேஜர் ஆம்புலன்ஸைப் பின்கதவுக்கு வரவழைத்தார். கூட்டம் பதறி ஓடினால் ஆபத்து என்று படத்தை நிறுத்தவில்லை. எனக்கு அப்போது எதுவும் தெரியாது. இரண்டாம் பாதி முழுவதும் குறித்தேன். இருட்டில் கோடு தெரியாமல் இரண்டு வரி ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்திருக்கிறது. யாரும் வெளிச்சம் அடிக்கவில்லை.

ஜி-11 பற்றி என் தாளில் இருப்பதை மட்டும் சொல்கிறேன். 3.06: காலி. 3.11: ஆள் உண்டு. 3.31: சிரிப்பு. அந்த வரியில் உள்ள ஒரே சிரிப்பு அது. அவர்தான் மேடைக்குப் போனார் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. துணிப்பை முதல் நாளிலிருந்தே அவர் மடியில் இருந்தது என்று சத்தியம் செய்ய முடியும்.

டார்ச்காரர் அதிலிருந்து நான்காம் நாள் மருத்துவமனையில் இறந்துபோனார்.

மறுநாள் மேனேஜர் என் வீட்டுக்கு வந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். "அந்தத் தாள் தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லிடும்மா. பாட்டை வெட்டினது தெரிஞ்சா தியேட்டரை மூடிடுவாங்க. உனக்கும் நல்லதில்ல, நீ எழுதி வச்சிருக்கறத நாலு பேரு படிச்சா என்ன நினைப்பாங்க?" என்றார். தாளை அவர் ஏற்கெனவே பார்த்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் கணவரும் அவர் சொல்வது சரி என்றார். இரண்டு நாள் தாளை மகளின் பள்ளிப் புத்தகங்களுக்கு நடுவில் வைத்திருந்தேன்.

அதன் பிறகு நோஞ்சானின் மனைவி வந்தார். உள்ளே வரவில்லை. செருப்பைக் கழற்றவில்லை. அழவும் இல்லை.

"நீங்க நேரம் எழுதுவீங்களாமே அக்கா?"

அது ஒன்றுதான் கேட்டார். எழுதுவேன் என்றேன். தலையாட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார். அதனால் இன்று வந்தேன்.

நேற்று அந்தத் தியேட்டரில் படம் மறுபடி தொடங்கியது. நான் வேலையிலிருந்து நின்றுவிட்டேன். என் இடத்துக்கு வந்திருக்கும் பெண்ணிடம் போனில் கேட்டேன். அரங்கு நிறைந்தது என்றும், இடைவேளையில் நாடகம் ஏன் இல்லை என்று பலர் சத்தம் போட்டார்கள் என்றும் சொன்னாள். ஜி-11இல் ஆள் இருந்ததா என்று கேட்டேன். இருந்தது என்றாள். யார் என்று கேட்டேன்.

"முகம் தெரியலக்கா. எல்லாரும் உறை மாட்டியிருந்தாங்க."

பத்தொன்பதாம் நாள் தாளின் அசலை அதிகாரியிடம் ஒப்படைக்கிறேன். அதில் நேரங்கள் இருக்கின்றன. என் கையெழுத்தும் இருக்கிறது. 'குறிப்பு' கட்டம் வழக்குக்குத் தேவையில்லை, அதை மறைத்து நகல் எடுக்கலாமா என்று அதிகாரி கேட்டார். வேண்டாம், முழுத்தாளும் இருக்கட்டும் என்று சொன்னேன். அந்தக் கட்டத்தை மறைத்தால், நேரத்தையும் பிறகு மாற்றி எழுதியதாக யாராவது சொல்லலாம்.

எழுத்தர் இதுவரை எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார். "தினமும் பிடிபடுறாரு" என்ற இடம் வந்தபோது அடுத்த மேசையில் இருந்த காவலர் சிரித்துவிட்டார். பிறகு வாயை மூடிக்கொண்டார். நான் மணி பார்த்தேன். 11.52. இதையும் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொண்டேன். எழுதினார்.

யாரும் சொல்லிக்கொடுக்காமலும் மிரட்டாமலும் நானே சொன்னவை இவை. நான் கண்டதும் கேட்டதும், அன்று குறித்ததும், குறிக்காமல் விட்டதும் இவ்வளவுதான்.

(சாட்சியின் கையொப்பம்)

இணைப்பு: தாள் எண் 19, அசல், ஒரு பக்கம்.