தங்கச் சான்று வாங்கிய சாலை

எனக்கு வெயில் ஆகாது சார். தலைவலி வந்துவிடும். அதனால் எந்த சைட்டுக்குப் போனாலும் குடை இல்லாமல் வண்டியை விட்டு இறங்க மாட்டேன். ரோலர் ஓட்டுகிறவரிலிருந்து பெரிய இன்ஜினியர் வரைக்கும் எல்லோருக்கும் நான் குடை மேடம்தான். ஹெலன் என்று எனக்கு ஒரு பெயர் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. அதில் எனக்கு வருத்தமும் கிடையாது.

என் வேலை என்ன என்று கேட்டீர்கள். புதிதாகப் போடுகிற சாலைகளுக்கு மதிப்பெண் போடுவது. பூமிக்குப் பாரமில்லாமல் போட்டிருக்கிறார்களா, எத்தனை மரம் வெட்டினார்கள், எத்தனை நட்டார்கள், பழைய தாரைச் சுரண்டி மறுபடி பயன்படுத்தினார்களா, சிமெண்டை எவ்வளவு மிச்சம் பிடித்தார்கள், சுற்றுப்புறத்து ஜனங்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார்களா என்று எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. கூட்டிப் பார்த்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று சான்று கொடுப்போம். தங்கம் வாங்கின கம்பெனிக்கு அடுத்த டெண்டரில் மரியாதையே தனி.

ஏரிக்கரை இணைப்புச் சாலைக்குத் தங்கம் கொடுத்தது நான்தான். அந்தச் சாலை மறித்த தண்ணீரில் அதன் ப்ராஜெக்ட் மேனேஜர் கலையரசனின் வீடு மூழ்கியது. உள்ளே இருந்த அவருடைய மகள் கீர்த்தனா செத்துப்போனாள். இதற்காக, சாலைக்கு வரைபடம் போட்ட ஆபீஸில் வேலை செய்யும் பாலாவை நீங்கள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டு விசாரிப்பதாகக் கேள்விப்பட்டேன். அவனை விட்டுவிடுங்கள். அவன் பிள்ளைப்பூச்சி. நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

நான் சதுரங்கப்பட்டினத்துப் பக்கம். ஊர் என்றால் ஊர் இல்லை, ஊருக்கு வெளியே இருக்கும் காலனி. தாத்தா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அப்பா ராமதாஸ் அணுபுரத்தில் தோட்ட வேலை பார்த்து என்னை இன்ஜினியரிங் படிக்க வைத்தார். எங்கள் காலனிக்கும் ஊர்க்காரர்களின் வயலுக்கும் நடுவில் ஒரு சாலை போகிறது. அதன் அடியில் ஒரு பழைய குழாய் இருந்தது. மழை பெய்தால் காலனித் தண்ணீர் அந்தக் குழாய் வழியாக வயலில் இறங்கி, கடல் பக்கம் போய்விடும்.

அந்தச் சாலையை உயர்த்திப் போட வந்த இன்ஜினியர்தான் கலையரசன். பயிர் அழுகுகிறது, குழாயை அடைத்துவிடுங்கள் என்று ஊர்க்காரர்கள் அவரிடம் போய்ச் சொன்னார்கள். அவரும் நிலபுலம் உள்ள குடும்பத்துப் பிள்ளை. அவர்கள் பேச்சு அவருக்குப் புரிந்தது. எங்கள் அம்மா சாராளும் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போனாள்.

"கொழாய அடைச்சிட்டா எங்க தண்ணி எங்க நைனா போவும்?" என்று கேட்டாள்.

"எழுதிக்கினேன், போம்மா. பாத்துக்கலாம்" என்றார் அவர்.

எழுதிக்கொள்ளவில்லை. பேனா மூடியைக்கூடத் திறக்கவில்லை. நான் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு அடுத்த ஐப்பசியில் அந்தப் பெருமழை. உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். என் தங்கை ரூத் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் கட்டில்மேல் பெஞ்சைப் போட்டு அதன்மேல் அவளைப் படுக்க வைத்தோம். அவளுக்கு வலி எடுத்துவிட்டது. காலனி ஆண்கள் கடப்பாரையோடு சாலையை வெட்டப் போனார்கள். ஒரு முழம் வெட்டினால் போதும், தண்ணீர் அந்தப் பக்கம் இறங்கிவிடும். கலையரசன் போலீஸோடு வந்து நின்றார்.

"எவனாவது கடப்பாரைய வெச்சீங்க, உள்ள தள்ளிடுவேன். கவர்மென்ட் ரோடு இது. உங்கப்பன் வூட்டு வரப்பு இல்ல."

ரூத் அன்றைக்குச் சாயங்காலம் போய்விட்டாள். குழந்தை வயிற்றிலேயே இருந்தது. சாலை மட்டும் தண்ணீர் ஏறாமல் துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு அதன்மேல்தான் போனோம். ஒரு விரிசல் இல்லை. நல்ல வேலை, குறை சொல்ல முடியாது.

அன்றைக்கே அவரைக் கொன்றுபோட வேண்டும் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. ஆக்கப் பொறுத்தவள் ஆறவும் பொறுக்க வேண்டும். நான் பொறுத்தேன். ஊரப்பாக்கத்தில் வீடு பார்த்துக்கொண்டு குடியேறினேன். மதிப்பெண் போடும் வேலைக்குப் படித்து அதில் சேர்ந்தேன். சாலை போடுகிறவர்கள் எல்லோரும் என்றைக்காவது ஒருநாள் எங்களிடம் வந்தாக வேண்டும்.

வந்தார். அரசாங்க வேலையை விட்டுவிட்டுத் தனியார் கம்பெனிக்குப் போயிருந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"மேடத்துக்குச் சொந்த ஊரு எது?"

"சதுரங்கப்பட்டினம் சார்."

"அட. அங்க எந்தத் தெரு?"

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று தெரியும். கோட்டைக்குப் பக்கத்தில் என்று சொல்லிவைத்தேன். அவர் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அங்க நான் ரோடு போட்டிருக்கேன் மேடம். இன்னிக்கும் கல்லு மாதிரி கீது."

தெரியும் சார் என்றேன்.

புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு என்னையும் கூப்பிட்டார். அவர்களுடைய பூர்வீக நிலத்தில், ஏரிக்கும் வரப்போகிற சாலைக்கும் நடுவே கட்டியிருந்தார். ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிகிற தண்ணீர் ஒரு ஓடையில் இறங்கி அந்த வீட்டை ஒட்டித்தான் போகும். வரைபடத்தில் ஓடைக்கு மூன்று சிறுபாலங்கள் போட்டிருந்தார்கள். அவற்றின் வழியாகத் தண்ணீர் சாலைக்கு அடியில் கிழக்கே போய்விடும். நான் குடையை விரித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தேன். சாலை அந்த வீட்டைவிட நல்ல உயரத்தில் வரப்போகிறது என்பது கண்ணாலேயே தெரிந்தது. பாயசம் பிரமாதமாக இருந்தது. பரிமாறியது கீர்த்தனா. கட்டடக் கலை படித்துக்கொண்டிருந்தாள். சந்தேகம் கேட்க வேண்டும் என்று என் நம்பரை வாங்கிக்கொண்டாள். அப்புறம் அடிக்கடி தன் வரைபடங்களை அனுப்புவாள், நான் திருத்தி அனுப்புவேன். கெட்டிக்காரி. அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மதிப்பெண்ணைக் கூட்டியபோது சாலை வெள்ளியில் வந்து நின்றது. கலையரசன் என்னைத் தேடி வந்தார்.

"மேல இருக்கறவங்க தங்கம் கேட்டு பேஜார் பண்றாங்க மேடம். நீங்கதான் இன்னா வழின்னு சொல்லணும்."

"சிமெண்டைக் குறைச்சா மார்க் ஏறும் சார்."

"எங்கன்னு கொறைக்கறது?"

"ஓடைக்கு மூணு பாலம் எதுக்கு? அதுல தண்ணி போயி எத்தனை வருஷம் ஆகுது?"

அவர் சிரித்தார். "தண்ணியா? அதுல ஆடுதான் மேஞ்சிகினு கீது."

எங்கள் தொழிலில் ஒரு வேடிக்கை உண்டு சார். நாங்கள் ஆய்வுக்குப் போவது கோடையில். மழைக்காலத்தில் வண்டி சேற்றில் இறங்காது. அதனால் மதிப்பெண் போடுகிற ஒருவரும் ஓடையில் தண்ணீரைப் பார்த்ததே இல்லை. எங்கள் கோப்புகளில் இருக்கும் ஓடைப் படம் எல்லாம் புல்தரைப் படம்தான். சாலைக்காரர்களுக்கு மதிப்பெண் பசி வந்துவிட்டால் அந்தப் படத்தை அப்படியே நம்பிவிடுவார்கள். சொந்த வீட்டுக்குப் பக்கத்து ஓடையைக்கூட நம்பிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

மழைக் கணக்கைப் பெருமழைக்குப் பிந்திய வருடங்களிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவை மழை குறைந்த வருடங்கள். எண்கள் எல்லாம் நிஜம். பாலங்களுக்குப் பதில் ஓரமாகப் பள்ளம் வெட்டிச் செடி வைத்தால் தண்ணீர் மண்ணில் இறங்கிவிடும் என்று எழுதினேன். செடிக்கும் மதிப்பெண் உண்டு. பாலாதான் சந்தேகப்பட்டான். பழைய மழையையும் சேர்க்க வேண்டாமா மேடம் என்று கேட்டான். வேண்டாம் தம்பி, விதியில் இடமிருக்கிறது என்றேன். இரண்டு பாலங்களை எடுத்துவிட்டு, மூன்றாவதை ஒற்றைக் குழாயாகச் சுருக்கினார்கள். அந்த மாற்றத்தில் கலையரசன் தன் கையால் கையெழுத்துப் போட்டார். நான் ஒரு மதிப்பெண்கூடக் கூட்டிப் போடவில்லை.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஓடைக்கரை இருளர் குடிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "பாலத்த எடுத்துட்டா எங்க குடிசைல தண்ணி வராதாம்மா?" என்று கேட்டாள். எழுதிக்கொண்டேன் என்று சொன்னேன். நான் கலையரசனைப் போல இல்லை சார். உண்மையாகவே எழுதினேன், அவள் சொன்ன வார்த்தை மாறாமல். கூட்டம் முறையாக நடந்ததால் அதற்கும் முழு மதிப்பெண் கொடுத்தேன்.

அப்புறம் காத்திருப்பது ஒன்றுதான் பாக்கி. முதல் வருடம் வானம் ஏமாற்றிவிட்டது. போன கார்த்திகையில் விடாமல் பெய்தது. ஏரி நிரம்பிக் கலங்கலில் வழிய ஆரம்பித்த அன்றைக்குத்தான் சென்னையில் பெரிய ஹோட்டல் ஒன்றில் பசுமைச் சாலைகளுக்குக் கேடயம் கொடுக்கும் விழா. கலையரசன் மனைவியோடு வந்திருந்தார். அந்த அம்மா மயில் கழுத்து நிறத்தில் பட்டுக் கட்டியிருந்தார். மகளுக்குப் பரீட்சை, வீட்டில் இருந்து படிக்கிறாள் என்று சொன்னார். மத்தியானம் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் கலையரசனை மேடைக்குக் கூப்பிட்டார்கள். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன்.

சாப்பாட்டின்போதுதான் அவர் போனை எடுத்துப் பார்த்தார். அவரும் மனைவியும் அப்படியே எழுந்து ஓடினார்கள். நான் என் காரில் பின்னாலேயே போனேன். போய்ப் பார்த்தால்தான் மனது ஆறும் என்று இருந்தது. பொழுது சாய்வதற்குள் போய்விட்டோம். கிழக்குப் பக்கம் தண்ணீரே நிற்கவில்லை. மேற்குப் பக்கம் ஜன்னலுக்கு மேலே தண்ணீர். ஜன்னலுக்கு இரும்புக் கம்பி போட்டிருந்தார்கள். அந்த அழுத்தத்தில் கதவை உள்ளேயிருந்து யாராலும் திறந்திருக்க முடியாது. கலையரசன் யாரிடமோ கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டு வந்து, தான் போட்ட சாலையைத் தானே குத்தினார். தார் பெயரவில்லை. "வெட்டுங்கடா, ரோட்ட வெட்டுங்கடா, எம் பொண்ணு உள்ள கீது" என்று கத்தினார். மேலிடத்து உத்தரவில்லாமல் ரோட்டில் கை வைக்கக் கூடாது என்று சொல்லி ஒரு போலீஸ்காரர் அவரைப் பிடித்து இழுத்தார். நான் காரிலிருந்து இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் கொஞ்சம் இறக்கிவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் தங்கை போன நாளிலிருந்து நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் இறங்கியது. அவர் சாக வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. சாலைமேல் நின்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

சாலை மட்டும்தான் காரணம் என்றால் கீர்த்தனா தப்பித்திருப்பாள் என்று நீங்கள் நினைப்பது சரி. தண்ணீர் ஏற நேரம் இருந்தது. இருளர் குடும்பங்கள் சட்டி பானையோடு ஏரிக்கரைமேல் ஏறிவிட்டன. அவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

கலையரசன் மேடை ஏறிக்கொண்டிருந்தபோது கீர்த்தனா எனக்குப் போன் செய்தாள்.

"ஆன்ட்டி, அப்பாவும் எடுக்கல, அம்மாவும் எடுக்கல. தண்ணி வாசல் கேட்டாண்ட வந்துடுச்சி. குடிசைங்கள்ள இருக்கறவங்க எல்லாம் ஏரிக்கரைக்குப் போய்க்கினு இருக்காங்க. என்னையும் கூப்புடறாங்க. போவட்டுமா?"

அவளுடைய அம்மா எனக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கையை நீட்டினால் தோளைத் தொட்டிருக்கலாம்.

"போகாதம்மா. ஏரிக்கரை உடைஞ்சாலும் உடையும். வீட்டுக்குள்ளயே இரு. கதவை நல்லாத் தாழ்ப்பாள் போட்டுக்கோ. வாசப்படியில ஈரத்துணியைச் சுருட்டி அடைச்சு வை. உங்கப்பா போட்ட ரோடும்மா அது, தண்ணி தானா வடிஞ்சிடும்."

"சரி ஆன்ட்டி. அப்பா வந்தா பேசச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். கேடயத்தோடு இறங்கி வந்தவர் அதை என்னிடம் நீட்டிக் காட்டினார். வாங்கிப் பார்த்தேன், கனமாக இருந்தது. நன்றாக இருக்கிறது சார் என்று திருப்பிக் கொடுத்தேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

கரை உடையாது என்று எனக்குத் தெரியும். தண்ணீர் வடியாது என்றும் தெரியும். பிறகு ஏன் அந்தப் பெண்ணிடம் அப்படிச் சொன்னாய் என்று கேட்பீர்கள். வீட்டில் தனியாக இருக்கிற பிள்ளை, பயந்துவிடக் கூடாதே என்றுதான் சார்.