சத்தமில்லாமல் துளைத்த சுவர்

தலைமை ஏற்றிருக்கும் தச்சர் அண்ணன் அவர்களே! தொழிலில் மூத்த பெரியோர்களே! சாந்து சுமந்தும் சளைக்காத தாய்மார்களே! தூசியைத் தின்று துவளாத தோழர்களே! இருபது ஆண்டுகள் சுவரைத் துளைத்துத் துளைத்துக் காது மந்தமான அடியேனின் வணக்கம்!

போன வாரம் என் கையில் புதுக் கருவி ஒன்றைக் கொடுத்தார்கள். சுழலாது! அதிராது! சத்தமே போடாது! ஆறிய சாப்பாட்டை மைக்ரோவேவ் அடுப்பு சூடாக்குகிறதே, அதே அலையைக் கம்பி முனையில் குவித்துக் கான்கிரீட்டை உருக்குகிறது! உருகிய இடத்தில் கம்பி இறங்குகிறது! கல்லா இளகியது? இளகியது ஐயா! வாயைப் பிளந்து நின்றேன்.

என்ன சிரிப்பு அங்கே? பொறுங்கள் வர்ணக்காரரே, சிரிப்பை விழுங்கும் இடம் வருகிறது.

நம் கட்டடங்களில் மணி பார்த்தா உண்கிறோம்? துளைக்கிற சத்தம் நின்றால் சாப்பாடு! அன்று சத்தமே இல்லை. அடுத்த அறையில் தரைக்கு ஓடு பதித்துக்கொண்டிருந்த என் மனைவி, நான் வேலையை நிறுத்திவிட்டேன் என்று நம்பினாள். டிபன் பாக்ஸைத் திறந்து, நான் துளைக்கும் அதே சுவரில் முதுகைச் சாய்த்தாள்! அவள் அங்கிருப்பது எனக்குத் தெரியாதா? தெரியும்! சத்தம் கேட்டால் விலகிக்கொள்வாள் என்ற பழைய நினைப்பு!

குழாய்க்காரர் அலறிக்கொண்டு வந்தார். "அண்ணே, நிறுத்துங்கண்ணே! அந்தப் பக்கம் அண்ணி சாஞ்சு உக்காந்திருக்காங்க!"

ஸ்விட்சை அணைத்து ஓடினேன். அவள் கையில் சோற்றுடன் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னங்க, இந்தச் சுவரு வெதுவெதுன்னு முதுகு வலிக்கு இதமா இருக்கு. நீங்க ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

ஐயோ! திரும்பிப் போய் ஆழத்தை அளந்தேன். மிச்சம் இரண்டு விரல் கனம்! என் கம்பிக்கும் அவள் முதுகுக்கும் நடுவே இரண்டே விரல் கனம், தோழர்களே!

கருவியைப் பழிக்கவா வந்தேன்? இல்லை! தூசி இல்லை, இரைச்சல் இல்லை. என் காதுக்கு நேர்ந்தது இனி எவருக்கும் நேராது. ஆனால் நம்மை விலகச் சொன்னது அந்த இரைச்சல்தானே? அது போனபோது நம்மில் ஒருவராவது யோசித்தோமா? இனி மறுபக்க அறையைப் பூட்டி, வாசலில் ஓர் ஆளை நிறுத்தாமல் இந்த ஸ்விட்சை எவரும் தொடக்கூடாது! சம்மதம் என்றால் கை தூக்குங்கள்!

தாய்மார்கள் வரிசையில் ஒரு கை மட்டும் உயரவில்லை. என் மனைவியின் கை. அன்று அவள் கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, நீ சாப்பிடு" என்றுதான் சொன்னேன். உண்மையை இப்போதுதான், உங்களோடு சேர்ந்து கேட்கிறாள். நான் இறங்கி அவளிடம் போக வேண்டும். பொறுமையாய்க் கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றியும் வணக்கமும்!